மாடியில் காய்ந்த பொத்தான்கள்

பத்து விரலும் பழுதில்லாத ஒரு மனிதர் என் வீட்டு மாடியில் ஏழு வருடம் குடியிருந்தார். அந்த விரல்களால் அவர் முடித்த வேலை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆரம்பித்த வேலை என்றும் சொல்ல முடியாது. ஆரம்பிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் ஏழு வருடமும் செய்துகொண்டிருந்தார்.

பேர் வேண்டாம். கல்மண்டபத்தில் எங்கள் சந்தில் எல்லோரும் மாடிக்காரர் என்றுதான் சொன்னார்கள். நான் இறால் உரிக்கும் ஷெட்டில் நாற்பது பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவள். எனக்கு எழுத்து வந்தது ஐம்பது வயதைத் தாண்டித்தான். வருகைப் புத்தகத்தில் பேர் எழுத இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் கற்றுக்கொண்டேன். எந்தப் பேனா நல்ல பேனா என்று யாரையும் கேட்கவில்லை. கையில் கிடைத்த பேனாவால் எழுதினேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். கக்கூஸ் எங்கே என்று கேட்பார்கள். மீன் வாடைக்கு மூக்கைச் சுளிப்பார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. அறை நடுவில் நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அங்கே ஒரு மேஜை இருப்பதுபோல விரல்களை அசைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி அசைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி அசைத்தார்.

"வெளிச்சம் இடது பக்கத்திலேருந்து வந்தா நல்லதும்மா," என்றார்.

"சூரியன்கிட்ட சொல்லிப் பாக்கறேன் சார்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அவர் பெரம்பூர்க்காரர், ரயில்வே குடும்பம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் இருந்தவர். பிரெஞ்சு படித்திருந்தார், கம்ப்யூட்டருக்கு ப்ரோகிராம் எழுதவும் படித்திருந்தார். இரண்டும் தெரிந்த பிறகு இன்னொருவனுக்கு எதற்கு உழைப்பது என்று வேலையை விட்டுவிட்டார். சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டார். பகல் முழுக்கப் பெரிய திட்டம் ஒன்று ஓடியது. ஆப்பிரிக்கா பக்கம் பிரெஞ்சு பேசும் துறைமுகங்களிலிருந்து வருகிற கப்பல்களுக்குக் காகிதமெல்லாம் பிரெஞ்சில் இருக்குமாம். அதைப் படித்து இங்கிலீஷில் தருகிற ப்ரோகிராம் ஒன்றை எழுதிவிட்டால், ஆபீஸ்காரர்கள் எங்கள் சந்து முனைவரை வந்து நிற்பார்களாம்.

"எப்ப சார் ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டேன்.

"முதல்ல கீபோர்ட் முடிவாகணும்மா. அடித்தளம் தப்பா போட்டா மேல எதுவும் நிக்காது."

அந்த அடித்தளக் கதையை ஏழு வருடம் கேட்டதில் எனக்கே பாடமாகிவிட்டது. பிரெஞ்சு எழுத்துக்குத் தலையில் கோடு உண்டு, தொப்பி உண்டு, இரட்டைப் புள்ளி உண்டு. ஒரு எழுத்துக்கு அடியில் வால்கூட உண்டு. பிரெஞ்சுக்காரன் கீபோர்ட் பலகையில் அவை முக்கால்வாசி தயாராக இருக்கும். ஆனால் நம் பலகையில் இருக்கிற ஏ, க்யூ, எம் எல்லாம் அங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஒன்று, இரண்டு அடிக்கக்கூட இன்னொரு பொத்தானைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ப்ரோகிராமில் வரிக்கு வரி வருகிற அடைப்புக்குறிக்குக் கட்டைவிரலை வளைத்து ஒடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அது பிரெஞ்சுக்கு ஆகும், ப்ரோகிராமுக்கு ஆகாது.

இன்னொரு முறை இருந்தது. இங்கிலீஷ் பலகையிலேயே மேற்கோள் குறியைத் தட்டினால் அது திரையில் வராமல் காத்திருக்கும். அடுத்த எழுத்தைத் தட்டியதும் அதன் தலையில் கோடாகப் போய் உட்காரும். பிரெஞ்சுக்கு அது சௌகரியம். ப்ரோகிராமில் அதே குறி தனியாக வேண்டும். அப்போதும் அது காத்திருக்கும். இதைச் சொல்லும்போது அவர் முகம் வீட்டில் சாவு விழுந்ததுபோல் ஆகிவிடும். கனடாக்காரன் முறை என்று மூன்றாவது ஒன்று இருந்தது. அதில் என்ன குறை என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. குறை இருந்தது.

"ரெண்டு பலக வெச்சிக்கயேன் சார். இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"கை குழம்பிடும்மா."

"சோறு துன்ற கையாலதான் நானு இறாலு உரிக்கிறேன். கொயம்பிப்போய் இறால வாயிலயா போட்டுக்கினேன்?"

அவர் நோட்டுப்புத்தகத்தை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

கப்பலிலிருந்து கழித்துப் போட்ட சாமான்கள் பர்மா பஜார் பக்கம் விற்கும். அங்கே எந்த ஊர்ப் பலகை வந்தாலும் வாங்கி வந்துவிடுவார். கலீஜாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். வெண்ணெய் வெட்டும் கத்தியால் பொத்தான்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, மாடியில் வேட்டி விரித்துக் காயவைப்பார். பக்கத்திலேயே என் நெத்திலி காயும். நெத்திலி இரண்டு நாளில் கருவாடாகிவிடும். இவருடைய பொத்தான்கள் வாரக்கணக்கில் கிடக்கும். எந்த எழுத்தை எந்த இடத்தில் செருகுவது என்று அவற்றைச் சதுரங்கக் காய்போல நகர்த்திக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காக்கை ஒன்று நெத்திலிக்கு வந்து, புத்தி கெட்டு, பொத்தானைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. படித்த மனிதர், எதிர்வீட்டு சன்ஷேடில் ஏறித் தேடினார். எதிர்வீட்டுக்காரி கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இன்னா சார், முட்ட வெச்சிட்டு வந்தியா அங்க?" என்று கேட்டாள். அவர் காது கொடுக்கவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. நான்காம் நாள் என்னிடம் வந்து, அந்தப் பொத்தான் போனதே நல்லது என்றார். அந்த எழுத்து அந்த விரலுக்கு வரவே கூடாதாம். காக்கை அவருக்கு வழிகாட்டியிருக்கிறதாம்.

அதைவிடக் கேவலம் அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. எங்கள் பெண்கள் இறாலைப் பார்த்து உரிக்கமாட்டார்கள். கண் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க, வாய் பேசிக்கொண்டிருக்கும். தலை கிள்ளுவது, ஓடு கழற்றுவது, முதுகில் இருக்கிற கறுப்பு நரம்பை இழுப்பது எல்லாம் விரல் தானாகச் செய்யும். பார்க்காமல் வேலை செய்கிற விரலை அவர் பார்க்க வேண்டும் என்றார். நோட்டோடு வந்து தண்ணீரும் ஐஸும் ஓடுகிற தரையில் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு குந்தினார்.

"உங்களுக்கு எந்த விரல் முதல்ல வலிக்கும்?" என்று தேவகியைக் கேட்டார். தேவகி என் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பவள். கெட்டிக்காரி, எட்டாவது வரை படித்தவள்.

"எனிக்கு எட்டு மணிக்கு இடுப்பு வலிக்கும் சார். ஒம்போது மணிக்கு புருசன நெனச்சா நெஞ்சு வலிக்கும். வெரலு கணக்கு யாரு பாக்கறது?"

ஷெட் முழுக்கச் சிரித்தது. அவளுடைய புருஷன் அப்போது கப்பலில் எஞ்சின் அறை துடைக்கும் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"இந்த இடம் உங்களுக்கு வசதியா இருக்கா? பேசின் வலது பக்கம் இருந்தா இன்னும் வேகமா வருமா?" விடவில்லை அவர்.

நான் சொன்னேன்: "சார், இங்க புச்சா ஒர்த்தி வந்தா காலி இருக்கற எடத்துல குந்துவா. மூணு நாளு கையி ரத்தமாவும். நாலாம் நாளு எடம் அவளுதாயிடும். எடத்த மாத்திக்கினே இருந்தா ரத்தந்தான் வரும், இறாலு வராது."

இதையும் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போகிறேன் என்று ஒரு தடவை அனுமதி கேட்டார். அடித்துக்கொள் என்றேன். பென்சிலால் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த மாதம் போனபோது நான்கு புள்ளி இருந்தது. காலண்டர் தரையில் சாய்ந்திருந்தது. ஆணியும் சுத்தியலும் பக்கத்தில் இருந்தன. அந்த வருடம் முடிந்து புதுக் காலண்டர் வந்தது. அதுவும் தரையில்தான் இருந்தது.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் அந்தக் காரியத்தை ஒப்படைத்தேன்.

தேவகியின் புருஷன் கப்பலில் காய்ச்சல் கண்டு, ஆப்பிரிக்கா பக்கம் ஒரு துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டு, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். கப்பல் போய்விட்டது. அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டு ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கப்பல் தொழிலாளர் சங்கத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பிரெஞ்சில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. சங்கத்து ஆள் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்தார்.

"ஒடம்ப எடுத்துனு வர நாங்க வழி பாத்துக்கினு கீறோம்மா. அதுக்கு நாளாவும். அதுக்குள்ள குடும்பத்துலேர்ந்து பதிலு போவலன்னா அவங்களே பொதச்சிடுவாங்க. இன்னும் எட்டு நாளு டைம் கீது. ஒடம்ப வெச்சிருங்கன்னு பிரெஞ்சுல ஒரு லெட்டரு, இந்தம்மா கையெழுத்து போட்டு அனுப்புனா போதும். பாண்டிச்சேரில எய்தித் தர்றவங்க கீறாங்க, நாளைக்கு ஆளு அனுப்பறேன்."

தேவகி அழுது ஓய்ந்திருந்தாள். "மொகத்தப் பாத்தா போதும்," என்று மட்டும் சொன்னாள். "ஒரு தபா பாத்துட்டேன்னா போதும் மேஸ்திரிமா."

"பாண்டிச்சேரி இன்னாத்துக்கு?" என்றேன் நான். "என் வூட்டு மாடிலயே பிரெஞ்சு தெரிஞ்சவரு குந்திகினு கீறாரு. நானாச்சு."

சங்கத்து ஆளுக்கு ஒரு வேலை மிச்சம். ஃபேக்ஸ் வந்த காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தேவகியை வீட்டில் விட்டுவிட்டு, நான் தனியாக மாடி ஏறினேன்.

மாடிக்காரர் அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

"கையாலயே எழுதித் தந்துடட்டுமாம்மா? பத்து நிமிஷம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ரேஷன் கார்டுக்கு மனு கொடுத்தாலும் சரி, துறைமுகத்தில் பாஸ் கேட்டாலும் சரி, டைப் அடித்த மனு மேஜைமேல் இருக்கும். கையால் எழுதியது கட்டுக்கு அடியில் போய்விடும். எத்தனை மனுவோடு நின்றவள் நான்.

"கையால எய்துனா எவன் மதிப்பான்? இம்மாம் வருசமா பொட்டி வெச்சிகினு கீற. ஷோக்கா டைப் அடிச்சிக் குடு சார்," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது அவருக்கு.

அப்போது அவர் எல்லார் பலகையையும் தள்ளிவிட்டு, பொத்தான்களை அடுக்கத் தானே ஒரு முறை கண்டுபிடித்து, மூன்று மாதமாகக் கை பழகிக்கொண்டிருந்தார். "இப்பப் பழசுக்குப் போனா மூணு மாசப் பழக்கம் கெட்டுடும்மா. இதுலயே அடிச்சுடறேன். அந்த வால் எழுத்துக்கு மட்டும் இன்னும் இடம் வெக்கல," என்றார். கடிதம் கிடைத்தது என்று சொல்கிற முதல் வரியிலேயே அந்த வால் எழுத்து வருகிறதாம்.

அடுத்த நாள் இடம் வைத்துவிட்டார். அப்படி வைத்ததில் ஓர் அடைப்புக்குறி இடம் பெயர்ந்துவிட்டது. அதற்கு இடம் தேடினார். அது இன்னொன்றைத் தள்ளியது. கடிதத்தில் அடைப்புக்குறி எதற்கு என்று கேட்டேன். கடிதத்துக்கு வேண்டாம், ஆனால் முறை என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்றார்.

தேவகி தினமும் ஷெட் விட்டு ஐஸில் வெளுத்துப்போன கையோடு வந்து மாடிப்படிக்குக் கீழே நிற்பாள். மேலே ஏறமாட்டாள்.

"ஆச்சா மேஸ்திரிமா?"

"ஆவுது. பெரிய எடத்துக்குப் போற லெட்டரு இல்ல? பொறுமையாத்தான் அடிப்பாரு."

சங்கத்து ஆளும் ஒரு நாள் வந்து கேட்டார். "பாண்டிச்சேரிக்கு இப்பக்கூட ஆளு போவலாம்மா." தேவையில்லை என்றேன். என் வாயால் நானாச்சு என்று சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது? எட்டாம் நாள் காலையில் "இன்னிக்கு கண்டிப்பா" என்றார் மாடிக்காரர். அதையும் நம்பி ஷெட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் மாடி ஏறினேன். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. அவர் இரண்டு கையையும் பலகைமேல் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி ஃபேக்ஸை எடுத்து மேஜைமேல் விரித்தேன். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் எழுத்தின் தலையில் கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியும்.

"சார், இத்தப் பாரு. அவன் எய்துனதுல எங்கனா கோடு கீதா? தொப்பி கீதா? வாலு கீதா?"

அவர் குனிந்து பார்த்தார். "முழுக்கப் பெரிய எழுத்துல அடிச்சிருக்காங்க. அப்படி அடிக்கும்போது பல பேர் அதெல்லாம் போடமாட்டாங்கம்மா. வழக்கம்தான்."

"இது ஒனிக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும். ஆனா அது சரியான முறை இல்ல."

பிரெஞ்சுக்காரனுக்கு வேண்டாத கோட்டுக்கு, செத்துப்போன மனிதன் எட்டு நாளாக ஐஸில் காத்திருந்தான். நான் கையோடு வைத்திருந்த ஷெட் பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு வைத்தேன். "எய்து," என்றேன்.

எழுதினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முத்து முத்தான எழுத்து. கோடு, தொப்பி, வால் எல்லாம் அதனதன் இடத்தில் தானாக விழுந்தன. கை ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. எனக்கு அவர்மேல் அதுவரை இருந்தது எரிச்சல். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அது இளப்பமாக மாறியது. வராதவனை மன்னிக்கலாம். இவருக்கு வரும்.

தேவகி கையெழுத்துப் போட்டாள். கல்மண்டபம் டெலிபோன் பூத்திலிருந்து ஃபேக்ஸ் போனது. இரண்டாம் நாள் பதில் வந்தது. சங்கத்து ஆள் அதை எங்கள் வீட்டு வாசலில் வைத்து மாடிக்காரரிடம் கொடுத்தார். தேவகி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் படித்துச் சொன்னார். எட்டாம் நாள் சாயங்காலம் அடக்கம் செய்துவிட்டார்கள். குழிக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். வருந்துகிறார்கள். அவ்வளவுதான் என்றார்.

தேவகி அழவில்லை. ஷெட்டில் கேள்வி கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"கையாலதான எய்தி அனுப்பிச்சோம் சார். மொத நாளே கையால எய்திருந்தா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தப்பும்மா. டைப் பண்ணித்தான் ஆகணும்னு நான்தான் பிடிவாதமா இருந்தேன்," என்றார். மாடி ஏறிப் போய்விட்டார்.

தேவகி அண்ணாந்து படிகளைப் பார்த்துக் காறித் துப்பினாள். "பேமானி," என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தத் துக்கத்தில் மனிதர் திருந்தியிருந்தால் இதை எழுதவே மாட்டேன். ஒரு மாதம் போனது. மாடியில் வேட்டி விரிந்தது. பொத்தான்கள் காய்ந்தன. இன்னும் இரண்டு வருடம் இருந்து, மூன்று கோணி நிறையப் பலகைகளை ஏற்றிக்கொண்டு எர்ணாவூர்ப் பக்கம் வீடு மாறிப் போனார். கிளம்பும்போது, "அங்க வெளிச்சம் இடது பக்கத்திலேருந்து வருதும்மா," என்றார். ஆபீஸ்காரர்கள் யாரும் சந்து முனைவரை வந்து நிற்கவில்லை. அறைக்கு வெள்ளையடிக்கும்போது எண்ணினேன், சுவரில் பன்னிரண்டு பென்சில் புள்ளி இருந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை.

அவரை நான் மதித்ததில்லை. இப்போதும் மதிக்கவில்லை. ஆனால் யோசித்து யோசித்துக் காலம் கடத்துகிற அந்த மனிதர், தேவகி கேட்ட கேள்விக்கு மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். வாய் இருந்தது எனக்கு. நாற்பது பேரை அடக்கிய வாய். அதைத் திறக்கவில்லை.

தேவகி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். நான் எழுதுகிற தாள்களையெல்லாம் வாங்கிப் பிழை திருத்தித் தருகிறவள் அவள்தான். இதையும் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.